வாயிலும் இருக்கையும்: கிறித்தவ ஆலயங்களில் வரவேற்கும் இளையோர் பணி

1. தோற்றுவாய்

தமிழ்நாட்டுக் கிறித்தவ ஆலயங்கள் பலவற்றில் ஞாயிறுதோறும் காணத்தக்க காட்சியொன்று உண்டு. வழிபாட்டு மணி ஒலிப்பதற்கு முன்னரே இளைஞரும் இளம்பெண்டிரும் சிலர் வாயிலின் இருமருங்கும் வந்து நிற்பர். வருவோரைக் கைகூப்பி வணங்குவர். முதியோரைக் கைதாங்கிப் படியேற்றுவர். பாட்டுப் புத்தகமும் அன்றைய வழிபாட்டு முறை அச்சிட்ட தாளும் தருவர். கைக்குழந்தையுடன் வந்த தாய்க்குக் காற்று வரும் இடமாகப் பார்த்துக் காட்டுவர். புதியராய் வந்தவரிடம் ஊரும் பேரும் உசாவுவர். இவர்கள் ஊதியம் பெறுவோர் அல்லர், குருமாரும் அல்லர், சபையின் ஆட்சிக் குழுவினரும் அல்லர். தாமே பெயர் கொடுத்து, இவ்வாரம் இன்னார் என முறை வகுத்துக்கொண்டு நிற்போர்.

இத்துணைச் சிறு பணியில் ஆராய்தற்கு யாதுளது என்று கருதுதல் இயல்பே. யாமும் அங்ஙனமே கருதியிருந்தோம். அக்கருத்தை மாற்றியது எம்மிடம் பயிலும் முதுகலை மாணவர் ஒருவரின் வினா. அவர் தம் ஊர் ஆலயத்தில் இப்பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருபவர். சட்டையில் அணியும் அட்டையொன்றை ஒருநாள் எம்மிடம் காட்டினார். அதில் ‘அஷர்’ என்று அச்சிட்டிருந்தது. இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பது அவர் வினா. பெயர் வைப்பதற்கு முன் பணி இன்னது என அறிதல் வேண்டுமன்றோ? ஆதலின் அவர் செய்வன யாவை எனக் கேட்டோம். கேட்டபொழுது அவர் வேறொன்றும் கூறினார்.

ஒரு ஞாயிறு அவ்வாலயத்திற்கு முன்பின் அறியாத மூதாட்டி ஒருவர் வந்தார். மாணவர் வணங்கி வரவேற்று, முன்வரிசையில் ஒழிந்திருந்த இடத்தைக் காட்டினார். மூதாட்டி முறுவலித்து, வேண்டா என்பது போலத் தலையசைத்து, கடைசித் தூணின் அருகே சென்று வெறுந்தரையில் அமர்ந்துகொண்டார். மீண்டும் சென்று அழைத்தும் எழவில்லை. அடுத்த ஞாயிறும் அவ்விடத்தையே நாடினார். “யான் வரவேற்றதில் என்ன குறை?” என்பது மாணவரின் இரண்டாம் வினா.

முதல் வினா சொல்லைப் பற்றியது. இரண்டாவது செயலைப் பற்றியது. இரண்டிற்கும் விடை ஓரிடத்தில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் துணிபு. அதனை முறையே ஆராய்வாம்.

2. வாயில் என்னும் சொல்

‘இல்வாய்’ என நிற்கற்பாலது ‘வாயில்’ என முன்பின்னாக மாறி நிற்பது இலக்கணப்போலி என்பதை இளமாணவரும் அறிவர். இல்லத்தின் வாய் என்பது அதன் பொருள். வாய் உண்பதற்கும் உரியது, உரைப்பதற்கும் உரியது, மூடிக்கொள்வதற்கும் உரியது. வாயிலும் அத்தகையதே. புகவிடுதலும் தடுத்தலும் ஆகிய இருதொழிலும் அதற்கு உண்டு. ஆகவே வாயிலில் நிற்பவன் தொழிலும் தொடக்க முதலே இரட்டைப்பட்டது.

இவ்விரட்டைத் தன்மையை நம் இலக்கியம் நன்கு காட்டுகின்றது. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் பாண்டியன் வாயிலோன் கண்ணகியைக் கண்டு அஞ்சுகின்றான். கொற்றவையோ, காளியோ என்று அவள் தோற்றத்தை எடை போட்டே அரசனிடம் சென்று அறிவிக்கின்றான். வந்தவள் யார் என்பதினும் எத்தோற்றத்தினள் என்பதே அவன் கண்ணுக்கு முதலில் படுகின்றது. இது காவல் புரியும் வாயிலோன் இயல்பு. இதற்கு மறுதலையான காட்சி குறுந்தொகையில் உள்ளது. நன்னாகையார் பாடிய 118ஆம் பாட்டில், பலரும் புகும் வாயிலை இரவில் அடைக்கப்போகும் காவலர், உள்ளே வரவேண்டியவர் எவரேனும் இன்னும் உளரோ எனக் கேட்கின்றனர். பாட்டின் உயிர் தலைவன் வாராமையில் உள்ளது. எனினும் அக்கேள்வி நம் கருத்திற்கு உரியது. அடைப்பதே தொழிலாக உடையவர், அடைக்குமுன் வெளியில் நிற்பவரை எண்ணுகின்றனர். காவலின் கடைசிச் சொல் அழைப்பாக முடிகின்றது.

அகப்பொருள் மரபில் வாயில் என்பது மேலும் ஒரு பொருள் பெறும். ஊடிய தலைவிக்கும் தலைவனுக்கும் இடைநின்று இணைப்பவரை ‘வாயில்கள்’ என்பது மரபு. வாயில் வேண்டல், வாயில் நேர்தல், வாயில் மறுத்தல் என்னும் துறைகள் இதனடியாகப் பிறந்தவை. தொல்காப்பியக் கற்பியல் வாயில்களாகப் பன்னிருவரை எண்ணுகின்றது. அப்பன்னிருவருள் இளையரும் உளர், விருந்தினரும் உளர். ஈண்டு இளையர் என்றது தலைவனுடன் செல்லும் ஏவலிளையரையே ஆதலின், இக்காலத்து இளைஞர் என்னும் பொருளை அதன்மேல் ஏற்றுதல் பொருந்தாது. எனினும் வாயிலாதல் என்பது கதவருகே நிற்றல் மட்டும் அன்று, பிரிந்த இருவரைக் கூட்டுதல் என்பதும், அத்தொழில் தலைமை உடையார்க்கே உரியதன்று என்பதும் இதனாற் பெறப்படும்.

விருந்தினர் வாயிலாகும் முறை இன்னும் நுட்பமானது. ஊடியிருக்கும் தலைவி தலைவனுக்குக் கதவு திறவாள். விருந்தினர் ஒருவருடன் அவன் வரின், இல்லறக் கடன் கருதித் தன் ஊடலை மறைத்து முகமலர்ந்து ஏற்பாள். வந்தவர் புதியவர், ஆயினும் அவரால் அவ்வீட்டுத் தலைவனுக்கே வாயில் திறக்கின்றது. வருபவர் வீட்டாரிடம் பெறுகின்றார் என்றே உலகம் கருதும்; வீட்டார் அவராற் பெறுகின்றனர் என்று அகமரபு காட்டுகின்றது. இக்கருத்து மேல் வேண்டப்படும்.

3. விருந்தும் அந்நியரும்

‘விருந்து’ என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை. செய்யுளின் எண்வகை வனப்புள் ஒன்றாகத் தொல்காப்பியர் விருந்தைக் கூறுதலும் புதியதாகப் புனைந்த யாப்பைக் கருதியே. புதுமை என்னும் பண்பு ஆகுபெயராய்ப் புதியராய் வந்தவரைக் குறித்து, பின்னர் அவர்க்கு அளிக்கும் உணவையும் குறித்தது. இன்று உறவினரையும் நண்பரையும் அழைத்து உண்பித்தலை விருந்து என்கிறோம். சொல்லின் வேரை நோக்கின், முன்பு அறியாதவரே விருந்தினர்.

விவிலிய மொழியிலும் இதனோடு ஒப்புநோக்கத்தக்க சொல் உண்டு. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் விருந்தோம்பலைக் குறிக்கும் சொல் ‘பிலோக்செனியா’ என்பது. ‘க்செனோஸ்’ என்பதற்கு அயலான் என்றும் விருந்தினன் என்றும் இருபொருளும் உண்டு. அயலானிடம் கொள்ளும் அன்பு என்பது அத்தொடர்ச்சொல்லின் பொருளாகும். 1871ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதல் இதனை அந்நியரை உபசரித்தல் எனப் பெயர்த்தது. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பு விருந்தோம்பல் என்னும் குறட்சொல்லை ஆண்டது. பின்னது செந்தமிழ் நடைக்கு இயைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் முன்னதில் ஒரு நன்மை உண்டு. உபசரிக்கப்படுபவர் அந்நியர் என்பதை அது மறக்கவிடாது. விருந்து என்னும் சொல் தன் புதுமைப் பொருளைப் பேச்சு வழக்கில் இழந்துவிட்ட இக்காலத்தில், விருந்தோம்பல் என்றவுடன் அறிந்தவரைப் பேணலே நினைவிற்கு வருகின்றது. ஆலய வாயிலிலும் இதுவே நிகழ்தல் கூடும். நெடுநாட் பழகியவரிடம் நீண்ட நேரம் அளவளாவி, புதியவரிடம் தாளை மட்டும் நீட்டும் கை, விருந்தின் பிற்காலப் பொருளை அறிந்து முற்காலப் பொருளை மறந்த கையாகும்.

4. பண்டைத் திருச்சபையில் வாயிற்பணி

கிறித்தவ மரபில் வாயிற்பணி மிகத் தொன்மையானது. அதன் வேர் யூதர் திருக்கோயிலில் உள்ளது. கோராகின் வழியினர் முதலியோர் கோயில் வாயில்களைக் காத்தனர் எனக் குறிப்பேட்டு முதல் நூல் கூறும். எவ்வாயில் எவர்க்கு என்பதைச் சிறியோர் பெரியோர் என்னும் வேறுபாடின்றிச் சீட்டிட்டு முடிவு செய்தனர் என்று அந்நூலின் 26ஆம் அதிகாரம் குறிப்பிடுகின்றது. நிற்கும் இடத்தைத் தகுதி வரிசையால் அன்றித் திருவுளச் சீட்டால் வகுத்தமை கருதத்தக்கது.

மூன்றாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் உரோமை நகரத் திருச்சபையில் இப்பணி தனித்ததோர் அமைப்பாக இருந்தது. 251ஆம் ஆண்டளவில் ஆயர் கொர்னேலியுஸ் அந்தியோக்கியா ஆயர் ஃபாபியுசுக்கு விடுத்த மடலை வரலாற்றாசிரியர் எவுசேபியுஸ் காத்துத் தந்துள்ளார். அம்மடலின்படி உரோமையில் மூப்பர் 46 பேர், திருத்தொண்டர் 7 பேர், துணைத்தொண்டர் 7 பேர், பீடத்துணைவர் 42 பேர், பேயோட்டுவோரும் வாசகரும் வாயிற்காவலரும் சேர்ந்து 52 பேர் இருந்தனர். சபையாற் பேணப்பட்ட கைம்பெண்டிரும் வறியோரும் 1500க்கு மேற்பட்டோர் என்றும் அம்மடல் கூறுகின்றது. வாயிலில் நின்றவன் நாள்தோறும் யாரை எதிர்கொண்டிருப்பான் என்பதை இவ்வெண்ணிக்கையால் உய்த்துணரலாம்.

இவ்வாயிற்காவலனை இலத்தீனில் ‘ஓஸ்தியாரியுஸ்’ என்றனர். பிற்காலச் சடங்கில் ஆயர் அவனுக்குத் திறவுகோலை அளிப்பார். மணியை ஒலித்தலும் அவன் கடமையாயிற்று. அவன் கையில் இருந்த திறவுகோல் திறக்கவும் பூட்டவும் உரியது. பண்டை வழிபாட்டின் முற்பகுதியில் எவரும் இருக்கலாம்; திருமுழுக்குப் பெறாதோர் பிற்பகுதிக்கு முன் வெளியேற வேண்டும். கீழைத் திருச்சபையின் பைசாந்திய வழிபாட்டில், நம்பிக்கை அறிக்கைக்கு முன் கதவுகளைக் குறித்துத் திருத்தொண்டர் இன்றும் உரத்துக் கூவும் வழக்கம் அந்நாளைய காவலின் எச்சமாகும். துன்புறுத்தல் மிக்க காலத்தில் ஒற்றரை விலக்குதலும் தேவையாயிற்று. ஆகவே பண்டை வாயிற்பணியில் காத்தலே மிகுதி. ஏற்றல் குறைவு எனத் தோன்றும்.

அத்தோற்றத்தை மாற்றுவது ‘திதஸ்காலியா’ என்னும் நூல். மூன்றாம் நூற்றாண்டில் சிரியா நாட்டில் தோன்றிய இந்நூல், ஆலயத்தில் யார் எங்கு இருத்தல் வேண்டும் என்பதை விரிவாக வகுக்கின்றது. திருத்தொண்டருள் ஒருவர் காணிக்கையருகே நிற்க, மற்றொருவர் வாயிலருகே நின்று வருவோரை நோக்கவேண்டும். வேற்றூர்ச் சபையிலிருந்து வந்தவரை உசாவித் தக்க இடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். இடம் போதாதவழி இளையோர் எழுந்து நிற்கவேண்டும். இவ்வளவும் ஒழுங்கைப் பற்றியன. இவற்றின் முடிவில் அந்நூல் கூறும் விதி நம்மை வியக்க வைக்கின்றது. உலகப் பெருமை உடைய ஒருவர் வந்தால், ஆயர் தம் உரையை நிறுத்தி எழுந்து அவரை எதிர்கொள்ளலாகாது. வறியவர் ஒருவர், அதிலும் முதியவர், வந்து அவர்க்கு இடம் இல்லையாயின், ஆயர் தாம் தரையில் அமர நேரினும் அவர்க்கு இடம் அளிக்கவேண்டும்.

இவ்விதிக்கு மூலம் புதிய ஏற்பாட்டு யாக்கோபு மடலின் இரண்டாம் அதிகாரம் என்பது வெளிப்படை. பொன்மோதிரம் அணிந்து பளபளக்கும் உடையில் வந்தவனுக்கு நல்லிருக்கை காட்டி, கந்தல் உடுத்த ஏழையை நிற்கவோ காலடியில் இருக்கவோ சொல்வதை அம்மடல் கடிந்துரைக்கின்றது. இங்கு ஒன்று நோக்குக. அவ்வேழையை எவரும் வாயிலில் தடுக்கவில்லை, உள்ளே விட்டுவிட்டனர். பிழை நிகழ்ந்தது வாயிலில் அன்று, இருக்கையில். திதஸ்காலியாவின் ஆசிரியர் இதனைச் செவ்வனே உணர்ந்தவர். ஆதலின் வரவேற்பின் அளவுகோலை வாயிலில் நிற்பவனிடம் விடாது, உள்ளே உயர்ந்த இருக்கையில் இருப்பவரிடம் வைத்தார்.

5. முதியவர் நின்ற வாயிலில் இளையோர்

வாயிற்பணி எக்காலத்தும் இளையோர்க்கு உரியதாக இருந்ததில்லை. நான்காம் நூற்றாண்டின் ‘திருத்தூதர் அமைப்புகள்’ என்னும் நூல் ஆடவர் வாயிலில் வாயிற்காவலரையும் மகளிர் வாயிலில் பெண்தொண்டரையும் நிறுத்துகின்றது. ஆறாம் நூற்றாண்டில், தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என வழங்கும் பெனதிக்து முனிவர் எழுதிய துறவற ஒழுங்கின் 66ஆம் இயல் மடத்து வாயிலோனைப் பற்றியது. அவன் அறிவு முதிர்ந்த முதியவனாக இருத்தல் வேண்டும்; எவர் தட்டினும், எந்த ஏழை கூப்பிடினும் உடனே இறைவனுக்கு நன்றி கூறி அன்போடு விடையிறுக்க வேண்டும். முதுமையை விதித்ததற்கு அம்முனிவர் கூறும் காரணம் நயமுடையது: அலைந்து திரியாமல் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் முதிர்ச்சி அவனுக்கு வேண்டும் என்பதாம். துணை தேவைப்படின் இளையவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இசைவும் தருகின்றார். துணையாக அன்று வாயிலுக்கு வந்த இளையவரே இன்று அப்பணியைத் தமதாக்கிக்கொண்டனர் எனலாம்.

மேலைத் திருச்சபையில் ஓஸ்தியாரியுஸ் என்னும் நிலை காலப்போக்கில் குருத்துவத்திற்குச் செல்வோர் கடக்கும் ஒரு படியாக மட்டும் எஞ்சியது. பட்டம் ஒருவர்க்கு, பணி வேறொருவர்க்கு என்றாயிற்று. 1972ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்நிலையை நீக்கினார். அதற்குச் சற்று முன், 1970இல் வெளியான உரோமைத் திருப்பலி நூலின் பொது முன்னுரை, சில நாடுகளில் ஆலய வாயிலில் மக்களை எதிர்கொண்டு உரிய இடத்தில் அமர்த்துவோர் உளர் எனக் கூறி, அவர்களை வழிபாட்டுப் பணியாளருள் வைத்து எண்ணியது. பட்டம் பெற்ற காவலன் மறைந்த காலத்திலேயே பட்டமில்லாத வரவேற்பாளன் ஏற்பினைப் பெற்றான். திறவுகோல் போயிற்று, கூப்பிய கை எஞ்சிற்று.

இளையோர் இப்பணியைப் பெருமளவில் மேற்கொண்டமைக்குத் தக்க சான்று பிரான்சு நாட்டுத் தெய்சே என்னும் சிற்றூர். 1940இல் அவ்வூருக்கு வந்த ரோஜர் என்பார் அங்கு ஒரு துறவறக் குழுவைத் தோற்றுவித்தார். 1962இல் அங்கு ஒப்புரவு ஆலயம் திறக்கப்பட்டது. நாடு பலவற்றிலிருந்தும் இளைஞர் பெருகி வரவே இடம் போதாதாயிற்று. 1971ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் விழாவின்போது, வருவோர்க்கு இடம் செய்யும்பொருட்டு ஆலயத்தின் ஒரு சுவரையே இடித்துக் கூடாரம் இணைத்தனர். வருவோரை எதிர்கொண்டு தங்குமிடம் காட்டுதலும் உணவு பரிமாறுதலும் அங்கு இளையோர் பணிகள். சிலர் ஒரு வாரம் வந்து செய்வர். சிலர் பல மாதங்கள் தங்கிச் செய்வர். வழிபாட்டு நேரத்தில் ஆலய வாயிலில் இளைஞர் சிலர் அமைதி காக்குமாறு எழுதிய பலகையை ஏந்தி நிற்பதும் அங்குள்ள வழக்கம். வாய்ச்சொல் இன்றி வரவேற்கும் அக்காட்சி நினைக்கத்தக்கது. அக்குழுவினர் நடத்திய இளையோர் கூட்டம் ஒன்று 1985ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலும் நிகழ்ந்தது.

அங்கு இடித்தது இடம் போதாமையால். தமிழ்நாட்டில் ஆலயத்தினுள் ஒரு சுவரை இடிக்க நேர்ந்த காரணம் வேறு. அதனை அடுத்துக் காண்பாம்.

6. தமிழ்நாட்டு ஆலயங்களில் இருக்கை

தமிழ்நாட்டுக் கிறித்தவ வரலாற்றில் வாயில் எளிதில் திறந்தது. இருக்கையே எளிதில் கிட்டவில்லை. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கால்வைத்தார். 1718இல் அங்குப் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வூர்ச் சபையினர் ஒரே கூரையின்கீழ்ச் சாதி வாரியாக விலகியமர்ந்து வழிபட்டனர். தஞ்சாவூர் முதலிய ஊர்களிலும் இவ்வழக்கம் பரவியிருந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை அறவே விடவேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். அதனை ஏலாது பலர் சபையினின்று விலகினர். தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) போன்ற பெரும்புலவரும் பழைய வழக்கத்தின் பக்கமே நின்றனர். அவர்தம் தமிழ்த்தொண்டினைப் போற்றும் நாம் இதனை மறைத்தல் நேர்மையாகாது.

கத்தோலிக்கர் வரலாற்றில் இதற்கு நிகரான சான்று திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வடக்கன்குளம். அங்கு 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் இரு கூடங்கள் ஒரு பீடத்தில் வந்து கூடும் அமைப்பினது. வேளாளர் ஒரு கூடத்திலும் நாடார் முதலியோர் மறு கூடத்திலும் இருந்து வழிபட்டனர். குருவுக்கு இருசாராரும் தெரிவர். ஒருசாரார்க்கு மறுசாரார் தெரியார். தச்சரும் கொத்தரும் சாதிக்கு வடிவம் தந்த கட்டடம் அது. 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு எழுந்து சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்தில் சாதி பற்றித் தனியிடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

சுவர் இடிந்தது. ஆயினும் சுவர் நின்ற இடத்தை மக்கள் கால்கள் நெடுநாள் அறிந்திருக்கும். ஒருவர் எங்கு அமர்வது என்பது ஏட்டில் எழுதிய விதியன்று. தாய் மகளுக்குக் கைப்பிடித்துக் காட்டிய இடம். பாட்டி அமர்ந்த தூணருகே பேத்தியும் அமர்வாள். ‘அங்கே போகாதே’ என்று இன்று யாரும் சொல்லவேண்டுவதில்லை. சொல்லாமலே நடக்கும் அளவிற்கு ஒரு வழக்கம் ஆழ்ந்துவிட்டால், அதனைச் சொல்லால் மட்டும் நீக்குதலும் இயலாது.

எம் மாணவர் கண்ட மூதாட்டி எவ்வூரினர், எக்குடியினர் என்பது அவர்க்குத் தெரியாது. உசாவுதல் முறையன்று என விட்டுவிட்டார். அது நன்றே. தூணருகே அமர்ந்ததற்குச் சாதியே காரணம் என்று துணிதற்கும் சான்றில்லை. முழங்கால் வலியோ, முன்னிருக்கைக் கூச்சமோ, பழக்கமோ ஆகலாம். ஆயின், வாயிலில் கிடைத்த வரவேற்பு தம்மைத் தூணருகிலிருந்து எழுப்பப் போதியதென அம்மூதாட்டி கருதவில்லை என்பது மட்டும் உறுதி.

7. முகமும் சொல்லும் செயலும்

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். அதனையடுத்துப் பத்தாவதாக நிற்பது இனியவைகூறல். முகர்ந்தாலன்றி வாடாத அனிச்சப்பூவினும், முகம் வேறுபட்டு நோக்கிய அளவில் வாடும் விருந்தினர் மெல்லியர் என்பது ஒன்பதாம் அதிகாரத்தின் இறுதிக் குறட் கருத்து. அதற்கு உரை காணும் பரிமேலழகர் விருந்தோம்பலில் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டுகின்றார். தொலைவிற் கண்டபோது இன்முகம். அம்முகம் கண்டு நெருங்கியபோது இன்சொல். அச்சொற்கு அவர் இணங்கியபோது நன்மை செய்தல். முதற்படி தவறின் மற்றிரண்டிற்கும் வழியில்லை என்பது அவர் கருத்து.

இவ்வுரை ஆலய வாயிற்பணிக்கு எழுதியதுபோல் அமைந்துள்ளது. வாயிலில் நிற்கும் இளையோர் முதலிரு படிகளுக்கு உரியவர். அவர்தம் முறுவல் பழக்கத்தால் வந்தது, உணவகத்து வாயிற் பணியாளர் முறுவல் போன்றது எனக் குறை கூறுவாரும் உளர். இக்கூற்று முற்றும் பொருந்தாது. முறைநாளில் முகமலர்ந்து நிற்கவேண்டும் எனத் தன்னைத் தானே பழக்கிக்கொள்ளுதல் பொய்ம்மை ஆகாது. அறங்கள் பலவும் பழக்கத்தாலேயே இயல்பாகின்றன. வள்ளுவர் இன்முகத்தைக் கடனாகவே கூறினார். தோன்றினாற் காட்டுக என்று விட்டாரல்லர். ஆதலின் முதற்படியில் குறையில்லை. குறை, முதலிரு படிகளை முழுமை எனக் கொள்வதில் உள்ளது. மூன்றாம் படியாகிய நன்மை செய்தல் ஆலயத்தைப் பொறுத்தவரை உள்ளே நிகழ்வது. அது இருக்கையிலும், வழிபாடு முடிந்தபின் எவர் எவரோடு பேசுகின்றனர் என்பதிலும், அசன நாளில் எவர் அருகில் எவர் இலை விரிகின்றது என்பதிலும் வெளிப்படும். வாயிலில் இருவரும் உள்ளே இருநூற்றுவரும் இருப்பின், வரவேற்கும் பொறுப்பு இருநூற்றுவர்க்கே மிகுதி.

இக்கருத்தை மாணவரிடம் கூறி, திதஸ்காலியா விதியையும் எடுத்துரைத்தோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “யான் அவர்க்கு வெற்றிடத்தைக் காட்டினேன், ஐயா, என் இடத்தைக் காட்டவில்லை” என்றார். சில வாரங்கள் கழித்து வந்து நிகழ்ந்ததைக் கூறினார். தம் முறை முடிந்து வழிபாடு தொடங்கியபின், முன்வரிசைக்குச் செல்லாது தூணருகே சென்று அம்மூதாட்டியின் பக்கத்தில் தரையில் அமர்ந்தார். மூதாட்டி முதலில் திகைத்தார். பின்பு சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். அன்றும் அதன்பின் இரு ஞாயிறுகளும் இருவரும் அங்கேயே இருந்தனர். முன்னிருக்கைக்கு அம்மையார் இன்னும் வரவில்லை.

இந்நிகழ்ச்சியில் இடம் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பது கருதற்பாலது. வரவேற்கச் சென்றவர்க்கு வந்தவரே இடம் கொடுத்தார். விருந்தினரை வாயில்களுள் ஒருவராக எண்ணிய தொல்காப்பிய மரபு இவ்விடத்து நன்கு விளங்குகின்றது.

8. பெயர் யாது?

இனி முதல் வினாவிற்கு வருவாம். ‘அஷர்’ என்பதற்கு ஈடாக ‘வாயிற்காவலர்’ என்பது கருதப்படலாம். அது பண்டை ஓஸ்தியாரியுசுக்குப் பொருந்தும். திறவுகோல் இல்லாத இக்கால இளையோர்க்குப் பொருந்தாது. ‘வாயிலோர்’ என்பது இலக்கிய ஆட்சி உடையது. ஆயின் அரசவைக் காவலை நினைவூட்டும். ‘கோயிற்பிள்ளை’ என்னும் இனிய பழஞ்சொல் ஆலயத்தின் அன்றாடப் பணியாளரைக் குறித்து வழங்கியது. அதனைப் பிறிதொரு பணிக்கு மாற்றுதல் மயக்கம் தரும். மக்கள் நாவில் ஏற்கெனவே பயிலும் ‘வரவேற்பாளர்’ என்பதே தக்கதென யாம் கருதுகின்றோம். எளிமை மட்டும் அதற்குக் காரணம் அன்று.

வரவேற்றல் என்பது வரவினை ஏற்றல். ஏற்றல் என்னும் வினை தமிழில் பெறுவோன் தொழில். ஈதலுக்கு மறுதலை ஏற்றல். இரப்பவனை ஏற்போன் என்பதும் வழக்கு. ஆகவே சொல்லமைப்பின்படி வரவேற்பாளர் கொடுப்பவர் அல்லர், பெறுபவர். வருபவரே தம் வரவைக் கொடுக்கின்றார். இதனை உணர்ந்து நிற்பவர் நிலையில் பணிவு தானே வரும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன போதரும். வாயிற்பணி காத்தல், ஏற்றல் என்னும் இருகூறு உடையது. திருச்சபை வரலாற்றில் காத்தல் படிப்படியாகச் சுருங்கி ஏற்றல் விரிந்தது. முதியோரிடமும் பட்டம் பெற்றோரிடமும் இருந்த பணி பட்டமில்லாத இளையோரிடம் வந்தது. வரவேற்பின் உண்மை வாயிலால் அன்றி இருக்கையால் அளக்கப்படும் என்பதை யாக்கோபு மடலும் திதஸ்காலியாவும் தமிழ்நாட்டுச் சபைகளின் வரலாறும் ஒருங்கே உணர்த்துகின்றன. இன்முகமும் இன்சொல்லும் அதற்கு இன்றியமையாத முதற்படிகள் என்பதைப் பரிமேலழகர் உரையாற் கொள்ளலாம்.

தமிழ்க் கிறித்தவர் ஆலய வழக்கிலுள்ள பணிப்பெயர்களும் இடப்பெயர்களும் இன்னும் முறையாகத் தொகுத்து ஆராயப்பெறவேண்டியவை. ஊர்தோறும் முதியோர் வாய்மொழியில் அவை உள்ளன. எந்தத் தூணுக்கு எந்தப் பெயர், எந்த வாயிலில் எவர் நுழைந்தனர் என்பன போன்ற செய்திகள் அவர்களோடு மறையுமுன் முதுகலை மாணவர் அவற்றைத் தொகுப்பாராயின், சொல்லாய்வும் மக்கள் வரலாறும் ஒருங்கே பயன்பெறும். எம் மாணவர் தம் ஆய்வேட்டிற்கு இப்பொருளையே எடுத்துக்கொண்டுள்ளார். அவர் முதலில் உசாவ எண்ணியிருப்பது அத்தூணருகே அமர்ந்திருக்கும் மூதாட்டியைத்தான்.